போர்டில் மட்டும் ஒயின்

கடைக்குப் பெயர் 'ஒயின்ஸ்'. விற்பதோ விஸ்கியும் பீரும். திராட்சைக்குப் பேர்போன ஹைதராபாத்தில் ஒயின் மட்டும் இன்னும் அந்நியமாகவே இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு மேல் மாரெட்பள்ளியில் 'ஒயின்ஸ்' என்ற போர்டில் விளக்கு எரியும் எந்தக் கடையின் முன்னாலும் ஆண்கள் கூட்டம் நெருக்கியடிக்கும். கம்பி இடைவெளி வழியே பணத்தையோ செல்போனையோ நீட்டுவார்கள். குவார்ட்டர், ஹாஃப் என்று இரண்டே சொற்களில் வியாபாரம் முடிந்துவிடும். அங்கே ஒருவர் உண்மையிலேயே ஒயின் கேட்டுவிட்டால் கடைப் பையன் ஒரு கணம் தயங்கி, மேல் தட்டை அண்ணாந்து பார்ப்பான். ட்யூப்லைட் சூட்டில் நாலைந்து பாட்டில்கள் தூசியோடு நின்றுகொண்டிருக்கும். எப்போது வந்தவை என்பது அவனுக்கும் தெரியாது.

தெலங்கானாவில் இப்படிப்பட்ட கடைகளுக்கான உரிமத்தைக் குலுக்கல் முறையில்தான் அரசு தருகிறது. 2023ல் 2,620 கடைகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது, திருப்பித் தரப்படாத 2 லட்ச ரூபாய் கட்டணத்தையும் பொருட்படுத்தாமல் 1.3 லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. அத்தனை பேரும் ஆசைப்பட்டது 'ஒயின்ஸ்' கடைக்குத்தான். ஒயின் விற்க அல்ல. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2003ல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போய் இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பேச்சு வழக்கில் அது 'ஒயின் ஷாப்'தான்.

திராட்சை இல்லாத ஊர் என்றால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி தெவெனோ, அங்கே விளையும் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் செய்யப்படுவதை எழுதி வைத்திருக்கிறார். 1890 வாக்கில் அப்துல் பாகர் கான் அறிமுகப்படுத்திய அனாப்-இ-ஷாஹி என்ற ரகம், ஹைதராபாத்தைச் சுற்றிலும் பல ஆண்டுகள் பந்தல் பந்தலாகக் காய்த்தது. பெருத்த, வெளிறிய பச்சை நிறக் கொத்துகள். விதையில்லாத ரகங்கள் சந்தையைப் பிடித்தன, நகரமும் விரிந்தது. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. ராஜேந்திரநகரில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை 'கோல்கொண்டா' என்ற பெயரில் இனிப்பு ஒயின் ஒன்றும் ஹைதராபாத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

மாரெட்பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒயின் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாத ஓர் உலகமும் இருந்தது. 1806ல் பிறந்த சிகந்தராபாத் ராணுவக் குடியிருப்பாக வளர்ந்த நகரம். சென்னை ராணுவத்தின் பின்னாலும் பிறகு ரயில்வேயின் பின்னாலும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் மாரெட்பள்ளியிலும் சுற்று வட்டாரத்திலும் வேரூன்றின. வாசலில் கோலம், அடுப்படியில் ஃபில்டர் காபி. அதே ரயில்வேயை நம்பி லாலாகூடாவிலும் மெட்டுகூடாவிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியிருந்தன. நவம்பர் பிறந்தால் அந்த வீடுகளில் ஊறுகாய் ஜாடிகள் வேறு வேலைக்குப் போகும். கறுப்புத் திராட்சையைக் கழுவித் துடைத்து, கையால் மசித்து, சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை சேர்த்து, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். மூன்று வாரம் கழித்து வடிகட்டி, நிறம் போதாவிட்டால் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று பிளம் கேக்கோடு சின்னஞ்சிறு கிளாஸில் பாட்டி முதல் பேத்தி வரை அதை ருசிப்பார்கள். யாரும் அதைக் 'குடி' என்று நினைத்ததில்லை.

கலால் சட்டம் அப்படி நினைக்கவில்லை என்பது வேறு விஷயம். அனுமதியில்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை இதை நினைவுபடுத்தி எச்சரித்தபோதுதான் பலருக்கு அது உறைத்தது.

வீட்டு ஜாடிக்கும் கடைப் பாட்டிலுக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்க முயன்றவர்கள் சிலர். எண்பதுகளில் புனே அருகே நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு நுரைக்கும் ஒயின் தயாரித்தார். பெங்களூர் அருகே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சுக் கொடிகளை நட்டார். இரண்டுமே பெரும்பாலும் ஐந்து நட்சத்திர ஓட்டல்களோடு நின்றுவிட்டன. கதை மாறியது நாசிக்கில். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் தொடங்கிய 'சுலா' தன் முதல் ஒயின்களை 2000ல் வெளியிட்டது. 2005ல் தோட்டத்திலேயே சுவைத்துப் பார்க்கும் கூடத்தையும் திறந்தது. மும்பையிலிருந்து வார இறுதியில் வந்த இளைஞர்கள் முதல் முறையாக, யாரும் முறைத்துப் பார்க்காத இடத்தில், கிளாஸை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எந்த விளம்பரத்தையும்விட ஒயினின் மிரட்சியைப் போக்கியது அந்தக் கூடம்தான். ஹைதராபாத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த நகரத்தின் தொழிலதிபர் கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டியும் அவர் மனைவி உமாவும் 'க்ரிஸ்மா' என்ற பெயரில் ஒயின் தயாரிக்கிறார்கள். ஆனால் தோட்டம் இருப்பது கர்நாடகத்தின் ஹம்பி மலைப் பகுதியில்.

இத்தனைக்குப் பிறகும் இந்தியர் குடிக்கும் மதுவில் ஒயினின் பங்கு மிகச் சொற்பம். அதிலும் கணிசமான பகுதி 'போர்ட் ஒயின்' என்ற பெயரில் மலிவாக விற்கும் இனிப்புச் சரக்கு.

ஒயினை மக்களிடமிருந்து விலக்கி வைத்ததில் அதன் விலைக்கும் வரிக்கும் இணையான பங்கு அதைப் பற்றிய பேச்சுக்கு உண்டு. பாட்டிலின் முதுகில் பிளாக்கரண்ட், கூஸ்பெரி, வயலட் பூ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மாரெட்பள்ளியில் யார் அந்தப் பழங்களைத் தின்றார்கள்? படிப்பவர் தனக்குத்தான் நாக்கு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். 'டிரை' என்ற சொல் இன்னும் மோசம். மதுக்கடை மூடும் நாளைத்தான் அது இங்கே குறிக்கும். பாட்டிலில் அதற்கு அர்த்தம் இனிப்பில்லாதது, அவ்வளவே.

உண்மையில் தமிழ் நாக்குக்கு ஒயினைப் புரிந்துகொள்ள இரவல் சொற்கள் தேவையில்லை. ஆறு சுவைகளில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வைத்த மொழி இது. சிவப்பு ஒயினில் 'டானின்' என்று நிபுணர்கள் விவரிப்பது வாழைப்பூவிலும் பாக்கிலும் நாவல் பழத்திலும் இருக்கும் அதே துவர்ப்புதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது வருகிறது. தோலை நீக்கிப் புளிக்க வைக்கும் வெள்ளை ஒயினில் அதனால்தான் அது குறைவு. சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை முகர்ந்தால் கொய்யாவும் அறுத்த குடமிளகாயும் நினைவுக்கு வரும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வருவது கற்பனையல்ல. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் அந்த வாசனையைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008ல் கண்டுபிடித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை (2023ல் புவிசார் குறியீடு பெற்றது) உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். மஸ்கட் இனத் திராட்சைகளில் இருக்கும் மணப் பொருட்களில் சில ரோஜாவிலும் உண்டு. 'பன்னீர்' என்று பெயர் வைத்த விவசாயி எந்த ஒயின் நிபுணருக்கும் சளைத்தவர் அல்ல.

அடுத்த தடை வெயில். சிவப்பு ஒயினை 'அறை வெப்ப நிலையில்' பருக வேண்டும் என்ற விதி குளிர் நாட்டுக் கல் வீடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 டிகிரி. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் ஹைதராபாத்தில் அந்த விதியைப் பின்பற்றினால் வாயில் படுவது வெதுவெதுப்பான கஷாயம். சிவப்பை அரை மணி, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. வெள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவை. கடையில் வாங்கும்போதே ஜன்னலோரம் வெயிலில் காயும் பாட்டிலைத் தவிர்த்து, திராட்சை அறுத்த ஆண்டைப் பார்ப்பது நல்லது. பழசாக ஆகத் தரம் கூடும் என்பது சில உயர் ரகங்களுக்கு மட்டுமே பொருந்தும். சாதாரண விலை வெள்ளை ஒயினை ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். திருகு மூடி இருந்தால் மலிவுச் சரக்கு என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். தக்கைத் திருகியைத் தேடி வீட்டையே புரட்டுவதைவிட அது மேல்.

இனி சாப்பாடு. வெள்ளைக்காரன் வகுத்த 'மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்குச் சிவப்பு' என்ற சூத்திரம் மிளகாயை எதிர்பார்க்கவில்லை. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும்; துவர்ப்பு மிகுந்த கனத்த சிவப்பு ஒயின் அதை மேலும் முரடாக்கும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது ஏன் கசக்கிறது என்று முதல் முறை குடிப்பவர் குழம்புவது இங்கேதான். லேசான இனிப்புள்ள ஷெனன் பிளாங்க், மிர்ச்சி கா சாலனோடு வரும் பிரியாணிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்காரும். ரோஸ் ஒயினும் அப்படியே. புளிச் சுவைக்குப் புளிப்புள்ள ஒயின்தான் ஈடு கொடுக்கும். இல்லாவிட்டால் கோங்கூரா பச்சடியும் புளிக்குழம்பும் அதைச் சப்பென்று ஆக்கிவிடும். எலுமிச்சை பிழிந்த வறுத்த மீனுக்கும் மொறுமொறுப்பான வெங்காய பஜ்ஜிக்கும் ஜில்லென்ற சோவின்யோன் பிளாங்க் பொருத்தம். தயிர் சாதத்தை விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஜோடி தேட வேண்டும் என்று யார் சொன்னது?

ஒயினை வீட்டுக்குள் கொண்டுவருவது அத்தனை வெகுளியான காரியமா என்ற கேள்வியை இந்த மண்ணில் தவிர்க்க முடியாது. ஒன்றுபட்ட ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பிய கலகம் 1992ல் மாநிலம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு சாராயம் தடை செய்யப்பட்டது. மதுவிலக்கு வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் 1995 ஜனவரியில் அதை நிறைவேற்றினார். 1997ல் சந்திரபாபு நாயுடு ஆட்சி அதைத் தளர்த்தியது. கணவனின் கூலி கடையில் கரைந்ததைப் பார்த்த பெண்களிடம் போய் 'இது வெறும் திராட்சைச் சாறு' என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அப்படித்தான் சொல்லப்படுகிறது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க அனுமதிக்கும் முடிவை எடுத்தபோது, திராட்சை விவசாயிகளின் நலன் முன்வைக்கப்பட்டது. ஒயின் மதுவே அல்ல என்றும் வாதாடப்பட்டது. அண்ணா ஹஜாரே உண்ணாவிரதம் இருப்பதாக எச்சரித்தார்.

கணக்கு எளிது. 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை 150 மில்லி கிளாஸில் ஊற்றினால் அதில் இருப்பது சுமார் 15 கிராம் ஆல்கஹால். 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம். அதாவது ஒரு கிளாஸ் ஒயின் ஒன்றரை சின்ன பெக். தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டிலை முடிப்பவர் ஒரு குவார்ட்டர் விஸ்கியைத் தாண்டிவிடுகிறார். இதயத்துக்கு நல்லது என்ற பழைய ஆறுதலும் போய்விட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்தது. வித்தியாசம் பானத்தில் அல்ல, குடிக்கும் விதத்தில்தான். கடை வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் கவிழ்ப்பதற்கும், சாப்பாட்டோடு ஒரு மணி நேரம் ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு பேசுவதற்கும் உள்ள தூரம் அது. மாரெட்பள்ளிக் கடையின் கம்பி வலை முதல் வகைக்காகவே கட்டப்பட்டது. அங்கே சுவைத்துப் பார்க்க முடியாது, கேள்வி கேட்க முடியாது. அந்த நெரிசலில் ஒரு பெண் போய் நிற்பதும் சுலபமில்லை.

குறைவாகக் குடிக்க நினைப்பவருக்கு 750 மில்லி பாட்டிலே ஒரு தொல்லை. ஐந்து கிளாஸ் வரும். வீட்டில் குடிப்பவர் ஒருவரே என்றால் மிச்சத்தை என்ன செய்வது என்ற பதைப்பிலேயே கூடுதலாக இறங்கிவிடும். 375 மில்லி அரை பாட்டில்களும், 2020 முதல் சுலாவும் ஃப்ராடெல்லியும் கொண்டுவந்த கேன்களும் இதற்கு ஒரு வழி. முழு பாட்டில்தான் கிடைத்தது என்றால், இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சிவப்பானாலும் வெள்ளையானாலும் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குமேல் புளிப்பேறினால் கறி ஊறவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.