பழைய எஞ்சினின் புகைவாயில்

பவனா நதிக்கரையில் மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் அறியப்பட்டிருந்த சிஞ்ச்வட், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தொழிற்சாலைகளாலும் பெயர் பெற்றது. அதை அடுத்துள்ள ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ நிறுவனம், இத்தாலிய நாட்டுப் பியாஜியோ நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் ஸ்கூட்டர்களைத் தயாரித்து வந்தது. அவ்வொப்பந்தம் 1971-இல் முடிவுற்றதும், மறு ஆண்டில் ‘சேத்தக்’ வெளிவந்தது. முன்பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து இந்த ஸ்கூட்டரைப் பெற்ற குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. அப்பழைய வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டுவதில் இன்று பலர் ஆர்வம் காட்டுகின்றனர். அவர்களிற் சிலர், வேகம் போதவில்லையென்று கருதி, எஞ்சினின் புகைவாயிலை அரத்தால் உயர்த்தச் செய்கின்றனர். இதனால் விளைவது யாது?

சேத்தக்கின் பழைய எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் என்று வழங்கும் இரண்டு வீச்சு வகையைச் சேர்ந்தது. இதன் சிலிண்டர் குறுக்களவு 57 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சும் அதே அளவு, கொள்ளளவு 145.45 கன சென்டிமீட்டர். புகை வெளியேறுவதற்குத் தனி வால்வு கிடையாது. சிலிண்டர்ச் சுவரில் வெட்டப்பட்ட ஒரு துளையே புகைவாயில். பிஸ்டன் கீழிறங்குகையில் அது திறக்கும், மேலேறுகையில் மூடும். புகைவாயில் திறந்த சற்று நேரத்திற்குப் பின், புதிய கலவை ஏறும் பக்க வாயில்களும் திறக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கண நேரத்தில் எரிந்த வாயுவின் அழுத்தம் தணிந்தாக வேண்டும். இல்லையேல் புகை, புதுக்கலவையின் வழியிலேயே புகுந்துவிடும்.

அக்கண நேரம் எத்துணைச் சிறிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 5,500 முறை சுழலுமாயின், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.9 மில்லி நொடியே ஆகும். புகைவாயில் 140 பாகை அளவு திறந்திருப்பதாகக் கொண்டால், அது திறந்து மூடும் காலம் 4.2 மில்லி நொடி. கனெக்டிங் ராடின் நீளம் 105 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அப்போது வாயிலின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், திறந்திருக்கும் அளவு ஏறக்குறைய 4.7 பாகை கூடுகிறது. தீக்குச்சியின் பருமன்கூட இல்லாத உலோகம் எஞ்சினின் இயல்பையே மாற்றிவிடுகிறது!

வாயில் முன்னதாகத் திறப்பதால், மிகுவேகத்தில் புகை வெளியேறப் போதிய அவகாசம் கிடைக்கிறது. சக்தியின் உச்சம் மேற்சுழற்சிக்கு நகர்கிறது. ஆனால் எரிவாயு பிஸ்டனைத் தள்ளும் தொலைவு குறைகிறது. பிஸ்டன் மேலேறுகையில் வாயில் தாமதமாக மூடுவதால், அமுக்கம் தொடங்குவதும் தாமதப்படுகிறது. குறைந்த வேகத்தில் புதுக்கலவை எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறுவது மிகுதியாகும். ஆதலின் இந்த வேலை சக்தியை உண்டாக்குவதைக் காட்டிலும் அதை இடம் மாற்றுவதே ஆகும். சந்தைத் தெருவில் இரண்டாம் கியரில் ஊர்ந்து, மேட்டில் இருவரைச் சுமந்து ஏற வேண்டிய ஸ்கூட்டருக்கு இம்மாற்றம் நன்மையென்று சொல்வதற்கில்லை.

கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோப்பாவ் நகரில் எம்.இஸட். நிறுவனத்தின் பொறியியலாளர் வால்ட்டர் காடன் 1961-இல் 125 கன சென்டிமீட்டர்ப் பந்தய எஞ்சினிலிருந்து 25 குதிரை சக்தி பெற்றார் என்பது உண்மையே. ஆயினும் அவர் வாயிலை மாத்திரம் பெரிதாக்கவில்லை. விரிந்து பின் குறுகும் புகைக்குழாயில் எதிரொலிக்கும் அழுத்த அலை, தப்பியோடும் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுமாறு குழாயையும் வாயிலையும் ஒருங்கே அமைத்தார். ஸ்கூட்டரின் பெட்டி போன்ற சைலன்ஸர் இக்காரியத்திற்காகச் செய்யப்பட்டதன்று. குழாயை அப்படியே வைத்துக்கொண்டு வாயிலை மட்டும் உயர்த்துவது பாதிக் கிணறு தாண்டுவதாகும்.

அகலப்படுத்துவதில் வேறோர் ஆபத்து உண்டு. பிஸ்டன் வளையம் வாயிலைக் கடக்கும்போது சிறிது வெளியே பிதுங்கும். ஒற்றை வாயிலின் நேரகலம் சிலிண்டர் குறுக்களவில் 60 சதவிகிதத்தைச் சுற்றியே இருப்பது நலம். 57 மில்லிமீட்டர்ச் சிலிண்டருக்கு இது சுமார் 34 மில்லிமீட்டர். இதனை மிக மீறினாலும், விளிம்புகளை மழுக்காமல் கூராக விட்டாலும் வளையம் சிக்கி முறியக் கூடும்.

உண்மையில், பழைய வண்டியின் சக்திக் குறைவுக்குப் பல வேளைகளில் காரணம் கரியே. பெட்ரோலுடன் கலந்த எண்ணெய் எரிந்து வாயிலிலும் சைலன்ஸரிலும் கெட்டியாகப் படிந்து வழியைக் குறுக்கிவிடுகிறது. சிலிண்டரைக் கழற்றி, மரக்குச்சியாலோ மென்மையான உலோகத் தகட்டாலோ கரியைச் சுரண்டி, வாயிலும் குழாயும் சேருமிடத்தில் படி போல் நிற்கும் விளிம்பைச் சமன்செய்தாலே வண்டி தன் பழைய நடையைப் பெறுவதுண்டு. இதற்குச் செலவு சொற்பம். வாயிலின் நேரக்கணக்கும் மாறுவதில்லை.

சட்டத்தையும் கருத வேண்டும். முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதிகள் வெளியிட்டது. அவ்வாகனங்கள் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1972-ஆம் ஆண்டுச் சேத்தக்குகள் இவ்வயதை எட்டிவிட்டன. அரத்தால் அராவிய வார்ப்பிரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. சோதனை செய்தே தீர வேண்டுமென்று எண்ணுவோர், வண்டியுடன் வந்த சிலிண்டரை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொரு சிலிண்டரை வாங்கி, பாகைத் தட்டால் முதலில் அளந்து, அரை மில்லிமீட்டர் அளவாக அராவி ஓட்டிப் பார்ப்பது தகும்.