கொசுவுக்குள் ஒரு திருடன்: டிங்கிக் கிருமியைப் பட்டினி போடும் வோல்பாக்கியா

டிங்கியை ஒழிக்கக் கொசுக்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால் குடியிருப்பாளர்கள் முகம் சுளிப்பது இயல்புதான். "இருக்கிற கொசு போதாதா?" என்ற கேள்வியும் எழும். ஆனால், அப்படி விடப்படும் கொசுக்களின் உடலில் ஒரு திருடன் குடியிருக்கிறான். அவன் பெயர் வோல்பாக்கியா.

வோல்பாக்கியா ஒரு பாக்டீரியா. 1924ஆம் ஆண்டு ஹெர்டிக், வோல்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கொசுவில் கண்டறிந்தனர். பழ ஈ, வண்ணத்துப்பூச்சி எனப் பல பூச்சிகளில் இது இயற்கையாகவே உண்டு. டிங்கியைப் பரப்பும் முக்கியக் கொசுவான ஏடிஸ் ஏஜிப்தியில் மட்டும் பொதுவாகக் கிடையாது. அதனால் விஞ்ஞானிகள் அதன் முட்டைக்குள் மெல்லிய ஊசியால் இந்தப் பாக்டீரியாவைச் செலுத்தினர். அதன்பின் தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியே தலைமுறை தலைமுறையாக அது தொடர்கிறது.

உயிரணுவுக்கு வெளியே வோல்பாக்கியாவால் பெருக முடியாது. உள்ளே நுழைந்ததும், கொசுவின் சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு தங்கிவிடுகிறது. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றைச் சொந்தமாகத் தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை. எல்லாம் கொசுவிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான்.

கொலஸ்ட்ராலும் அப்படித்தான். மனித உடல் கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூச்சிகளால் அது முடியாது. உணவிலிருந்துதான் அவை பெற வேண்டும். வோல்பாக்கியாவாலும் தயாரிக்க முடியாது என்பதால், கொசுவின் பங்கில் கை வைக்கிறது.

டிங்கிக் கிருமியும் உயிரணுவுக்குள் பெருகுவதற்கு அதே கொலஸ்ட்ராலை நம்பியிருக்கிறது. 'பந்திக்கு முந்து' என்பார்களே, அதுபோல வோல்பாக்கியா முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் வரும் டிங்கிக் கிருமிக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வோல்பாக்கியா உள்ள பழ ஈக்களுக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்தனர். வைரஸைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. கொசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படுவது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்றாலும், உணவுப் போட்டிக்கு முக்கியப் பங்கு இருக்கிறது.

திருட்டு அளவு மீறினால் திட்டமே கெட்டுவிடும். வோல்பாக்கியாவில் ஒரு வகை மிக வேகமாகப் பெருகி, கொசுவின் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கியது. நோய் பரப்பும் வயதுக்கு முன்பே கொசு செத்துவிடும் என்று நம்பி ஆஸ்திரேலியாவிலும் வியட்நாமிலும் அதை விட்டுப் பார்த்தனர். நலிந்துபோன அந்தக் கொசுக்கள் நிலைக்கவில்லை; பழைய கொசுக்களே மீண்டும் ஆதிக்கம் பெற்றன.

மலேசியாவில் வேறு வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுக்கப்பட்ட அது, நம் நாட்டு வெப்பத்தையும் தாங்கும். 2017 முதல் சிலாங்கூரில் சில இடங்களில் அந்த வகைக் கொசுக்கள் விடப்பட்டன. அங்கு டிங்கிச் சம்பவங்கள் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பாக்டீரியாவை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பெண் கொசு என்பதால், இங்கு ஆண், பெண் இரண்டும் விடப்படுகின்றன.

சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறது. ஆண் கொசு கடிக்காது. அதனுடன் சேரும் சாதாரணப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிக்காது.

மலேசியாவில் விடப்படும் பெண் கொசுக்கள் கடிக்கத்தான் செய்யும். ஆனால், வோல்பாக்கியா மனிதருக்கு நோய் தராது. அதேவேளை, 40 விழுக்காடு குறைந்தது என்றால் டிங்கி முற்றாகப் போய்விடவில்லை என்றுதான் பொருள். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட கூரைக் கால்வாய் ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது அகற்றுவது இப்போதும் வீட்டாரின் பொறுப்பே. காய்ச்சல் வந்தால், 'இங்கே நல்ல கொசுதானே' என்று இருந்துவிடாமல் கிளினிக்கிற்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.