கலர்ல வந்தா பயம் வருமா பாஸ்?

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. 'சைக்கோ' படத்தை நான் தப்பான வரிசையில பார்த்துட்டேன்.

ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டல். மறுநாள் இன்டர்னல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி (அன்னிக்குத்தானே நமக்கு உலக சினிமா மேல ஆசை வரும்!). சீனியர் அக்கா கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் ரெண்டு ஃபைல் இருந்துச்சு. ஒண்ணு 1960-ல ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த ஒரிஜினல். இன்னொண்ணு 1998-ல கஸ் வேன் சான்ட் எடுத்த ரீமேக். "பிளாக் அண்ட் ஒயிட்டா? பத்து நிமிஷத்துல தூங்கிடுவேன்டி" என்றாள் ரூம்மேட். ரெண்டும் ஒரே கதைதானே, கலர்லயே பார்த்துடுவோம்னு க்ளிக் பண்ணினோம். படம் முடிஞ்சதும் அவ கொட்டாவி விட்டுக்கிட்டே, "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்றாள். எனக்கும் அதே டவுட்டுதான்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு லீவு நாள்ல ஒரிஜினலைப் பார்த்தேன். பார்த்து முடிச்சதும் எனக்கு வந்தது பயம் இல்லை மக்களே, கோபம்! சினிமா வரலாற்றோட பெரிய பெரிய அதிர்ச்சிகள்ல ஒண்ணை, யாரோ காப்பியடிச்ச ரெக்கார்டு நோட்டுல படிச்சுத் தொலைச்சிருக்கேன். அடுத்து என்ன, அதுக்கடுத்து என்னன்னு எல்லாமே தெரியும். அந்த 'முதல் தடவை' இனிமே எனக்குக் கிடைக்கப் போறதில்லை. உங்களுக்காவது கிடைக்கணும். அதனால க்ளைமாக்ஸ் பத்தி இங்க ஒரு வார்த்தை வராது. சத்தியம்.

காப்பின்னு சும்மா சொல்லலை. ரீமேக்னா வழக்கமா கதையை மட்டும் எடுத்துக்குவாங்க. வேன் சான்ட் கேமரா கோணத்தையே எடுத்துக்கிட்டார். ஹிட்ச்காக் எங்க கேமரா வச்சாரோ கிட்டத்தட்ட அங்கேயே இவரும் வச்சார். அவர் எங்க வெட்டினாரோ அங்கேயே இவரும் வெட்டினார். பழைய படத்தோட டிவிடியை ஷூட்டிங் ஸ்பாட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்காங்க. திரைக்கதையும் ஒரிஜினலுக்கு ஜோசப் ஸ்டெஃபானோ எழுதினதேதான். பெர்னார்ட் ஹெர்மனோட இசையை டேனி எல்ஃப்மன் திரும்ப வாசிக்க வச்சார். கேமரா, வாங் கர்-வாய் படங்கள்ல நாம வாயைப் பிளந்து பார்த்த கிறிஸ்டோபர் டாயில். வேன் சான்ட் மட்டும் என்ன, சாதாரண ஆளா? அதுக்கு முந்தின வருஷம்தான் 'குட் வில் ஹன்ட்டிங்' எடுத்து, சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனவர்.

லேப்ல சொல்வாங்களே... எல்லா ரீடிங்கையும் அப்படியே வச்சுட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்திப் பாருன்னு. அந்த மாதிரி ஒரு எக்ஸ்பெரிமென்ட் இது. அவுட்புட் என்ன வந்துச்சு தெரியுமா? மோசமான படங்களுக்குக் கொடுப்பாங்களே ராஸி விருது, அதுல ரெண்டு! மோசமான ரீமேக், மோசமான இயக்குநர். (ரீமேக் விருதை அதே வருஷம் வந்த 'காட்ஸில்லா'வோடயும் 'தி அவெஞ்சர்ஸ்'ஸோடயும் பங்கு போட்டுக்கிச்சு. பதறாதீங்க, நம்ம அயர்ன் மேன் அவெஞ்சர்ஸ் இல்லை, அது வேற.)

எல்லாம் அப்படியேதானே இருக்கு, அப்புறம் எங்க உதைச்சுது?

முதல் உதை, ஹீரோ. பேட்ஸ் மோட்டலை நடத்துற நார்மன் பேட்ஸா ஒரிஜினல்ல ஆண்டனி பெர்க்கின்ஸ். ஒல்லியா, கூச்சமா, பேச்சு கொஞ்சம் திக்கி, வாயில எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கிற பையன். நம்ம கிளாஸ்ல கடைசி பெஞ்சுல தனியா உட்கார்ந்திருப்பானே, 'ஐயோ பாவம்'னு நாமளே போய் நோட்ஸ் கொடுப்போமே, அந்த ரகம். மழையில நனைஞ்சு வர்ற ஹீரோயினுக்கு சாண்ட்விச்சும் பாலும் கொடுத்து, பாடம் பண்ணி வச்ச பறவைகளுக்கு நடுவுல உட்கார்ந்து பேசறான். அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வேற திசைக்குத் திரும்புது. நமக்கு சங்கடமா இருக்கு, ஆனாலும் அவன்மேல இருக்கிற பரிதாபம் போகமாட்டேங்குது. ரீமேக்ல அந்த இடத்துல வின்ஸ் வான். ஆறரை அடிக்குப் பக்கத்துல உயரம். வாட்டசாட்டமா நின்னுக்கிட்டு ஒரு மாதிரி 'ஹிஹி'னு சிரிக்கிறார் பாருங்க... நானா இருந்தா ரூம் சாவியை அங்கேயே வச்சுட்டு அப்படியே காரைத் திருப்பியிருப்பேன். அதே வசனம், அதே கோணம். ஆனா, பரிதாபம் இருக்க வேண்டிய இடத்துல சந்தேகம் வந்து உட்கார்ந்துக்குது. அதோட கதையே சரிஞ்சு போச்சு. இதை நிரூபிக்க ஒரு கார் காட்சி இருக்கு. கடைசியில சொல்றேன்.

அடுத்து, எல்லாரும் காத்திருக்கிற பாத்ரூம் காட்சி. (அந்தக் கொலை ஒரு கொலைன்னு சொல்றதுல ரகசியம் எதுவும் மிச்சமில்லை. டூத்பேஸ்ட் விளம்பரம் வரைக்கும் கிண்டல் பண்ணி முடிச்சுட்டாங்க.) திரையில முக்கால் நிமிஷம்தான் வரும். அதுக்கு ஹிட்ச்காக் 1959 டிசம்பர்ல ஏழு நாள் எடுத்துக்கிட்டார். எழுபதுக்கும் மேல கேமரா கோணங்கள். ரத்தத்துக்கு பதிலா சாக்லெட் சிரப், கத்தி இறங்குற சத்தத்துக்கு முலாம்பழம். ஹிட்ச்காக் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் முதல்ல நினைச்சிருக்கார். ஹெர்மன் கேட்கலை. வயலின் வகையறாவை மட்டும் வச்சுக்கிட்டு 'கீச்... கீச்...'னு ஒண்ணைப் போட்டுக் காட்ட, கேட்டுட்டு மனசு மாறிட்டார். இவ்வளவு செய்தும், கத்தி உடம்பைக் கிழிக்கிறதைக் கண்ணுக்கு முன்னாடி தெளிவா காட்டவே இல்லை. அந்த வேலையை நம்ம மூளைகிட்ட விட்டுட்டார். மூளை சும்மா விடுமா? நானெல்லாம் ஒரிஜினல் பார்த்த மறுநாள், பாத்ரூம் கதவைத் திறந்து வச்சுட்டு வாசல்ல அம்மாவை நிக்க வச்சு முகம் கழுவினேன். எங்க வீட்டுல ஷவரே கிடையாது, பக்கெட்டும் மக்கும்தான்! அந்தக் காட்சியில நடிச்ச ஜேனட் லீயே, அதுக்கப்புறம் ஷவர்ல குளிக்கிறதை விட்டுட்டதா சொல்லியிருக்காங்க. நான் எம்மாத்திரம்?

ரீமேக்ல ரத்தம் சிவப்பா இருக்கு. முதுகுல காயம் தெரியுது. சென்சாருக்கு பயந்து ஹிட்ச்காக் வெட்டின ஒரு ஷாட்டைக்கூட வேன் சான்ட் திரும்ப எடுத்துச் சேர்த்திருக்கார். நடுவுல திடீர்னு மேகம் வேற ஓடுது. எல்லாத்தையும் கண்ணே பார்த்துடுது, மூளைக்கு வேலையே இல்லை. அந்த ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன்ங்கிறதுதான் என் விமர்சனம்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. 1960-ல ஜேனட் லீ பெரிய ஸ்டார். போஸ்டர்ல முகம் இருக்கிற ஹீரோயின், படம் பாதியைத் தொடறதுக்கு முன்னாடியே காலி! அன்னிக்கு தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இனிமே யாரைப் பிடிச்சுக்கிட்டு கதையைப் பார்க்கிறது? இதுக்காகவே, படம் ஆரம்பிச்ச பிறகு யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு தியேட்டர்களுக்கு கண்டிஷன் போட்டார் ஹிட்ச்காக். வாசல்ல அவரோட அட்டை உருவம், வாட்ச்சைக் காட்டி முறைச்சுக்கிட்டு நின்னுச்சாம். 1998-ல ஆன் ஹெய்ச் அதே பாத்ரூமுக்குள்ள போகும்போது, தியேட்டர்ல பாதிப்பேர் எப்போ கத்தி வரும்னு வாட்ச் பார்த்திருப்பாங்க. காட்சியைக் காப்பியடிக்கலாம். தெரியாமல் இருந்ததை எப்படிக் காப்பியடிக்கிறது?

காலமும் ஒத்துழைக்கலை. ஹீரோயின் திருடுற பணம் அன்னிக்கு 40 ஆயிரம் டாலர். விலைவாசி ஏறிடுச்சேன்னு இதுல 4 லட்சமா ஆக்கிட்டாங்க. தங்கச்சி காதுல வாக்மேன்கூட மாட்டிவிட்டாங்க. ஆனா, பேசுறதெல்லாம் 1960. கல்யாணம் ஆகாத ஜோடி மத்தியான நேரத்துல லாட்ஜ் ரூம்ல இருக்கிறது அன்னிக்கு ஊரே பதறுற விஷயம். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் திருட்டே தொடங்குது. 1998-ல அதுக்குப் பதற ஆளில்லை. ஆனாலும் அந்தப் பொண்ணு பதறிக்கிட்டே இருக்கா... தாத்தா கோட்டைப் போட்டுக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போன மாதிரி.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அதிசயமா பொருந்திப்போச்சு. படத்தோட தொடக்கத்துல 'டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை'னு எழுத்து வரும். ஒரிஜினல் ஷூட்டிங் நடந்த 1959-லயும் அந்தத் தேதி வெள்ளிக்கிழமை, 1998-லயும் வெள்ளிக்கிழமை. காலண்டரே காப்பிக்கு உதவி பண்ணியிருக்கு!

சரி, ரீமேக்கே வேஸ்ட்டா? அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். 1951-ல வந்த ஒரு வேற்றுக்கிரகவாசிப் படத்தை எடுத்து 1982-ல ஜான் கார்ப்பென்டர் 'தி திங்' பண்ணினார். வந்தப்போ திட்டு வாங்கின படம், இன்னிக்குப் பலரும் கும்பிடுறாங்க. 1958 'தி ஃப்ளை'யை 1986-ல டேவிட் குரோனென்பெர்க் திரும்ப எடுத்தார். மேக்கப்புக்கு ஆஸ்கர்! இவ்வளவு தூரம் எதுக்கு, 1993 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளத்துல இருந்து கன்னடம் போய், 2005-ல 'சந்திரமுகி'யா நம்ம ஊருக்கு வந்தப்போ, ராத்திரி கொலுசுச் சத்தம் கேட்டு எத்தனை வீட்டுல லைட் போட்டாங்க? இவங்க யாருமே அப்படியே எடுக்கலை. தங்களுக்குப் பயமா இருந்த ஒண்ணை உள்ள கொண்டுவந்தாங்க. எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் அங்கதான் இருக்கு. வேன் சான்ட்டுக்கு ஹிட்ச்காக் மேல அபாரமான பிரியம் இருந்திருக்கு. ஆனா, அந்த மோட்டலைப் பார்த்து அவருக்கு பயம் இல்லை.

அதுக்காக வேன் சான்ட்டை முழுசா ஃபெயில் பண்ணவும் மனசு வரலை. முதல் ஷாட், ஊர் மேல பறந்து வந்து ஒரு ஜன்னலுக்குள்ள நுழையறது. ஹிட்ச்காக் அதை ஒரே மூச்சுல எடுக்க ஆசைப்பட்டு, அன்னிக்கு இருந்த வசதிக்கு முடியாமல் விட்டுட்டார். இவர் ஹெலிகாப்டர்ல எடுத்துக் காட்டியிருக்கார். டிடெக்டிவ்வா வர்ற வில்லியம் எச். மேஸி, பழைய ஆளை நினைக்கவிடாமல் பிச்சு உதறியிருக்கார். ஆக, எனக்குத் தோணுறது இதுதான் பாஸ்: ஒரிஜினலைப் பார்த்து, ஒரு வாரம் பாத்ரூமுக்கு பயந்து, அதெல்லாம் தெளிஞ்ச பிறகு ரீமேக்கைப் பாருங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சினிமா எடுக்கணும்னு கனவு இருக்கிற ஆளா இருந்தா கட்டாயம் பாருங்க. ஒரு நடிகர் ஒரு நொடி லேட்டா சிரிச்சா காட்சி எப்படிச் செத்துப்போகும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஸ்டீவன் சோடர்பெர்க் 2014-ல ரெண்டு படத்தையும் கலந்து வெட்டி ஒண்ணு பண்ணினார்னா, சும்மாவா? ஆனா, முதல் தடவையை மட்டும் அதுக்குக் கொடுத்துடாதீங்க.

இந்த செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் ஃபிலிம் கிளப்புக்கு ஒரே ஒரு ராத்திரி செமினார் ஹால் கிடைச்சுது. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு 'சைக்கோ'ன்னு முடிவாச்சு. எதைப் போடறதுன்னு ஓட்டெடுப்பு. "பிளாக் அண்ட் ஒயிட் போட்டா ஹால் காலியாயிடும், அப்புறம் அடுத்த தடவை ஹாலே கொடுக்கமாட்டாங்க" என்றது ஒரு கோஷ்டி. அவங்க சொன்னதும் பொய்யில்லை. நான் கெஞ்சிக் கூத்தாடி, ஹால் காலியானா நானே ஸ்டாஃப்கிட்ட போய் திட்டு வாங்கிக்கிறேன்னு சொல்லி, ரெண்டே ரெண்டு ஓட்டுல ஒரிஜினலை ஜெயிக்க வச்சேன்.

லைட் அணைஞ்சுது. கறுப்பு வெள்ளையைப் பார்த்ததும் பின்வரிசையில 'ஊஊ'னு ஊளை. ஒரு பொண்ணு, "தூர்தர்ஷனா?"னு சத்தமா கேட்க, செம சிரிப்பு. பத்து நிமிஷத்துல நாலு பேர் எழுந்து வெளியே போனாங்க. எனக்கு வயிறு கலங்குது. மொபைல் வெளிச்சம் அங்கங்க மின்மினி மாதிரி. பாத்ரூம் காட்சி வந்தப்போ ஒண்ணு ரெண்டு அலறல், உடனே அந்த அலறலுக்கு ஒரு சிரிப்பு. அது எல்லா பேய்ப் படத்துக்கும் நடக்கிறதுதான்.

அப்புறம் வந்துச்சு நான் சொன்ன கார் காட்சி. எல்லாத்தையும் துடைச்சு சுத்தம் பண்ணிட்டு, உடலோட காரை சதுப்புக் குளத்துல தள்ளிவிட்டுட்டு நிக்கிறான் நார்மன். வாயில எதையோ மென்னுக்கிட்டே பார்க்கிறான். கார் கொஞ்சம் கொஞ்சமா முழுகுது. பாதியில... நின்னுடுது. அவன் மெல்லுறதை நிறுத்திட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறான். இசை கிடையாது. ஹால்ல ஒரு மொபைல்கூட எரியலை.

பின்வரிசையில இருந்து ஒரு குரல், ரொம்ப மெதுவா, "முழுகுடா... முழுகித் தொலைடா..."

திரும்பிப் பார்த்தேன். தூர்தர்ஷன் பொண்ணு. முன்சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.