நுண்ணோக்கியில் இறுகிப்போன மரை

பழைய ஆய்வக நுண்ணோக்கிகளைப் பழுதுபார்க்க எடுக்கும்போது, கழற்ற வராமல் அடம்பிடிக்கும் உறுப்புகளில் முதலிடம் பெரும்பாலும் பொருளருகு வில்லைக்கே உரியது. ஆராயப்படும் பொருளுக்கு மிக நெருங்கி நின்று அதன் முதல் பிம்பத்தை உருவாக்கும் இந்த வில்லைத் தொகுதி, மூன்று அல்லது நான்கு வில்லைகளைத் தாங்கி வேண்டியதை ஒளிப்பாதைக்குள் கொண்டுவரும் சுழல் தட்டில் மரையால் முறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த மரையின் அளவை லண்டன் நுண்ணோக்கியியல் சங்கம் 1858ஆம் ஆண்டில் வரையறுத்தது. 1866இல் ‘ராயல்’ என்ற அடைமொழியைப் பெற்ற அந்தச் சங்கத்தின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. விட்டம் ஏறத்தாழ 20.3 மில்லிமீட்டர், ஓர் அங்குல நீளத்துக்கு 36 சுற்றுகள் என்ற அந்த அளவு இன்றுவரை மாறாததால், நூறாண்டுக்கு முன் ஜெர்மனியில் செய்யப்பட்ட வில்லையை இன்றைய கல்லூரி நுண்ணோக்கி ஒன்றில் அப்படியே பொருத்த முடிகிறது. பழைய வில்லையைச் சேதமின்றிக் கழற்றி எடுப்பது உழைப்புக்குரிய வேலையாவது இதனால்தான்.

இந்த மரை மிக நுண்ணியது. ஒரு முழுச் சுற்றுக்கு வில்லை நகரும் தொலைவு 0.7 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு பாகை திருப்பினால் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் இறங்கும். மரையின் சரிவு ஒரு பாகைக்கும் குறைவாக இருக்க, உலர்ந்த உலோகத்தின்மேல் மற்றோர் உலோகம் தானாக வழுக்கத் தொடங்குவதற்கு அதைப் போலப் பல மடங்கு சரிவு தேவைப்படுகிறது. ஆகவே முறுக்கிய வில்லை தானாகக் கழன்று விழுவதில்லை. கழற்றுபவர் செலவிடும் விசையிலும் மிகப் பெரும்பகுதி உராய்வை வெல்வதற்கே போகிறது.

இறுக்கத்துக்குக் காரணம் எப்போதும் ஒன்றல்ல. அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட வில்லையில், அதன் தோள்பட்டை, அதாவது மரைக்கு அடியில் அகன்று நிற்கும் விளிம்பு, சுழல் தட்டின் முகத்தை அழுத்தி, இரண்டு உலோகங்களும் சுருள்வில் போலச் சற்றே இழுபட்ட நிலையில் பூட்டிக்கொள்கின்றன. இத்தகைய பூட்டு ஓரிரு பாகை அசைந்தவுடனேயே விட்டுவிடும். அதன்பின் விரல்நுனியால் சுழற்றலாம். முதல் அசைவுக்குப் பிறகும் பாகில் சுழல்வதுபோல ஒரே சீரான தடை தொடர்ந்தால், மரைக்குள் காய்ந்துபோன எண்ணெயோ கிரீஸோ இருக்கிறது என்று கொள்ளலாம். 1878ஆம் ஆண்டில் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே எண்ணெய் நிரப்பிப் பார்க்கும் முறையை வகுத்ததிலிருந்து, ஒளிவிலகல் எண் கண்ணாடியை ஒத்து 1.515 அளவில் இருக்கும் செடார் மர எண்ணெய் ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கியது; காற்றுப்பட்டால் பிசினாக இறுகும் இந்த எண்ணெய், அது பட்ட விரல்களோடு மரைக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வகையில் தடையோடு நறநறவென்ற உணர்வும் சேர்ந்து வரும். பழைய கிரீஸிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பித்தளையின் செம்போடு வினைபுரிந்து பச்சைக் களிம்பாக மாறியிருக்கலாம். அல்லது அலுமினியத் தட்டில் பித்தளை வில்லை ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதி அரிப்பால் வெண்துகள் படிந்திருக்கலாம். விசையைக் கூட்டுவது முதல் வகைக்கு மட்டுமே மருந்து; மற்ற இரண்டிலும் அது மரையை அறுத்துவிடும்.

விசை தேவைப்படும் இடத்திலும் அதைச் செலுத்தும் விதமே முக்கியம். வில்லையின் உறை மெல்லிய குழாய் என்பதால், இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்தால் வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்வட்டமாகி, மரையை இரு பக்கங்களில் மேலும் கவ்வச் செய்கிறது. அழுத்தம் கூடக் கூட வில்லை அசையாமல் போவதன் விளக்கம் இதுவே. சுற்றளவு முழுவதையும் சமமாகத் தழுவும் ரப்பர் பட்டையோ, ரப்பர் கையுறை அணிந்த உள்ளங்கையோதான் சரியான பிடி. குறடு பட்ட வில்லைகளின் உறையில் காணப்படும் பல் தழும்புகள், நல்ல கருவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் அடையாளங்கள். மறு கை நுண்ணோக்கியின் தண்டைப் பிடிக்காமல் சுழல் தட்டையே பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் முறுக்குவிசை முழுவதும் தட்டின் நடு அச்சுக்கும் அதிலுள்ள சிறு குண்டுகளுக்கும் போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். திசையிலும் தவறு நேர்வதுண்டு: கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் இடஞ்சுழியாகக் கழலும் வில்லை, மேலிருந்து பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகவே கழலும்.

பிசினும் களிம்பும் பிடித்த மரைக்குக் காலமும் கரைப்பானும் வேண்டும். தோள்பட்டைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் ஊசிமுனையால் ஒரு துளி மண்ணெண்ணெய் வைத்தால், மெல்லிய இடைவெளிகளில் திரவம் தானாக ஏறிச்செல்லும் நுண்புழை விளைவால் அது மரைக்குள் ஊடுருவும். ஓரிரவு விட்டு, மறுநாள் மீண்டும் ஒரு துளி வைப்பது நல்லது. தாராளமாக ஊற்றினால் அது மரையைக் கடந்து வில்லையின் பின்புறக் கண்ணாடியில் படலமாகப் படியும். செடார் பிசினைக் கரைக்கும் சைலீன், பழைய வில்லைகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் என்ற மரப்பிசினையும் கரைக்கும் என்பதால், அதில் துணி முனையை நனைத்துத் தொட்டு எடுப்பதோடு நிறுத்த வேண்டும். ஆல்கஹாலுக்கும் எல்லை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பித்தளை நுண்ணோக்கிகளின் பொன்னிறப் பூச்சு அரக்கால் ஆனது, ஆல்கஹால் பட்ட இடத்தில் அது கரைந்து வெறும் உலோகம் தெரியும்.

வெப்பம் குறித்து ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. சூடேறிய உலோகம் விரிவதால் அதிலுள்ள துளை சுருங்கும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் துளையும் சேர்ந்தே விரிகிறது, மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவதும் இதை நம்பித்தான். 20 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினியத் தட்டை 40 பாகை செல்சியஸ் சூடேற்றினால் துளை 0.018 மில்லிமீட்டர் விரியும். உள்ளிருக்கும் பித்தளையும் அதே அளவு சூடேறினால் அது 0.015 மட்டுமே விரியும். முடி உலர்த்தியின் காற்றைத் தட்டின்மேல் மட்டும் காட்டி, பித்தளைக்குச் சூடு பரவுமுன் திருப்பினால் இடைவெளி இன்னும் அகலமாகக் கிடைக்கும். தட்டு பித்தளையாகவும் வில்லையின் உறை அலுமினியமாகவும் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே குளிரவைப்பதே உதவும். எப்படியாயினும், கை பொறுக்காத சூடு கனடா பால்சத்தை இளக்கி, ஒட்டிய வில்லைகளை இடம்பெயரச் செய்யும் என்பதால் அதுவே மேல்வரம்பு.

கழன்ற வில்லையின் மரையை மென்மையான தூரிகையால் துடைத்து, தட்டின் மரையையும் துகளின்றிச் சுத்தம் செய்தபின் திரும்பப் பொருத்துவதற்கு எண்ணெய் எதுவும் தேவையில்லை. நுண்ணிய மரைகள் கோணலாக ஏறிவிடும் இயல்புடையவை. ஆதலால் வில்லையை முதலில் கழற்றும் திசையிலேயே மெல்லச் சுழற்றி, மரையின் தொடக்கம் ஒன்றில் ஒன்று விழும் சிறு அதிர்வை விரல் உணர்ந்த பிறகே முறுக்கும் திசைக்கு மாற்றி, தோள்பட்டை தட்டைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும்.