நகமளவு இடம்



பேச்சிப்பாறை என்றவுடன் உங்களுள் பலருக்கு அணைக்கட்டே நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. இப்பகுதியில் வாழும் எங்களுக்கோ அணைக்கு முன்னால் ரப்பர் மரங்களே கண்ணில் படும். விடியற்காலையில் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிக்கொண்டு வரும் பெண்களின் விரல்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விரலில் பட்ட பால் சிறிது நேரத்தில் மெல்லிய தோலாக உறைந்துவிடும். நகத்தின் ஓரத்தில் அது ஒட்டியிருப்பது வெளிப்பார்வைக்குத் தெரியவே தெரியாது. வேலைக்குப் போய்த் திரும்பும் நம் பெண்கள், லுஹருக்கு உளூச் செய்யும் முன்னர் அதைத் தேய்த்துத் தேய்த்து உரித்தெடுப்பார்கள். எந்தக் கிதாபும் ஓதியிராத பாட்டிமாருக்கும் இது தெரியும். பால் ஒட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் படாதல்லவா!

ரப்பர் பாலை இங்கே நான் இழுத்து வந்ததற்குக் காரணம், ஒரு நகப்பூச்சுப் பலகை.

என்னிடம் மதரஸாவில் ஓதிய பெண் ஒருத்தி, அழகுக்கலைப் பயிற்சி பெற்று, குலசேகரம் செல்லும் வழியில் தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு மட்டுமான அழகு நிலையம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். "டீச்சர், என் மாதிரிப் பலகையை ஒருமுறை வந்து பாருங்கள். மனத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனேன்.

நகத்தின் வடிவில் வார்த்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டுகள் சிறு குச்சிகளில் பொருத்தப்பட்டு, விசிறி போல விரிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். பின்புறத்தில் எண். அதே எண் அந்நிறத்தின் குப்பி அடியிலும் ஒட்டப்பட்டிருந்தது. மற்றொரு பலகையில் பூ, புள்ளி, வெள்ளைக் கல், நுனியில் மட்டும் வெண்கோடு என வேலைப்பாடுகளின் மாதிரிகள் இருந்தன. இது விளையாட்டு வேலை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அவள் விளக்கிய பிறகுதான் இதில் எவ்வளவு நுணுக்கம் அடங்கியிருக்கிறது என்பது புரிந்தது. கம்பெனி தரும் நிற அட்டையை அவள் நம்புவதில்லை. அது காகிதத்தில் அச்சிட்ட மை. நகத்தில் ஏறும் பூச்சு அன்று. ஒருமுறை பூசினால் ஒரு நிறம், இருமுறை பூசினால் வேறு நிறம். ஆகவே வாடிக்கையாளர் நகத்தில் எத்தனை பூச்சோ, அத்தனையே மாதிரியிலும். அறை விளக்கொளியில் பிடித்த நிறம், வீட்டு முற்றத்து வெயிலில் வேறாகத் தெரிகிறதென்று சிலர் குறை கூறியதால், பலகையைச் சன்னல் அருகே மாற்றினாள். வெயில் நேரே பட்டபோது சில மாதிரிகள் வெளிறிப்போயின. இப்போது சன்னலுக்குப் பக்கச் சுவரில், வெளிச்சம் மட்டும் விழும்படி மாட்டியிருக்கிறாள். நிறம் கேட்பவரின் விரல்மேல் துண்டை வைத்துக் காட்டிய பிறகே பூசுகிறாள். மாநிறக் கைக்குப் பொருந்துவது எது என்பதைக் குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது என்கிறாள்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது, அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள தானியக் குவியல் நிகழ்ச்சி. கடைத்தெருவில் தானியக் குவியலினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராகக் கொள்ள இயலாது என்று எச்சரித்தார்கள். மேலே காட்டப்படுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் இந்தப் பெண் எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று மகிழ்ந்தேன். அவளோ, "நிறம் சரிதான் டீச்சர். ஆனால் ஈரம் உள்ளே இருக்கிறது" என்றாள்.

நிகாஹ் ஒன்றுக்காக மணமகளும் அவள் தங்கையும் வந்து, பலகையைப் பார்த்து ஒரு செந்நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். அது ஜெல் வகை. விளக்கின் ஒளியில் காட்டி இறுக வைப்பது. இரண்டு மூன்று வாரம் உதிராது. மறுநாள் காலை மணமகள் தொலைபேசியில் அழைத்து, "ஸுபுஹுக்கு இதை எப்படி எடுப்பது?" என்று கேட்டிருக்கிறாள். சாதாரணப் பூச்சைப் பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். ஜெல்லை அப்படித் துடைக்க முடியாது. மேற்பரப்பை அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை விரல்தோறும் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு சுரண்டியெடுக்க வேண்டும். பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளத்தன. இரண்டு வாரம் அப்படியே விட்டால் எழுபது வக்துகள். கணக்கை அவளே போட்டு வைத்திருந்தாள்.

உளூவின் கடமைகளைக் கூறும் அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் முழங்கை வரை கைகளைக் கழுவப் பணிக்கிறது. நகமும் கையைச் சேர்ந்ததே. உளூச் செய்த ஒருவர் தம் பாதத்தில் நகமளவு இடத்தை நனைக்காமல் விட்டதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யுமாறு பணித்ததை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நீர் உட்புகாமல் தடுக்கும் கனமான பொருள் அகற்றப்பட வேண்டும். நிறம் மட்டும் தங்கியிருந்தால் குற்றமில்லை என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் தெளிவானது. உளூவுடன் இருக்கும்போது நகப்பூச்சு இட்டுக்கொண்டால் அந்த உளூ முறியும் வரை தொழலாம். அடுத்த உளூவுக்கும் கடமையான குளிப்புக்கும் அதை நீக்கியாக வேண்டும். மாதவிடாய் நாட்களில் மட்டும் பூசிக்கொள்ளும் சகோதரிகள் நம்மிடையே பலர் உண்டு. அந்நாட்கள் முடிந்து குளிக்கும் வேளையில் நகத்தில் ஜெல் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

"ஹலால்" என்று அச்சிட்ட குப்பி ஒன்றையும் அவள் எடுத்துக் காட்டினாள். நீராவியும் காற்றும் ஊடுருவும் பூச்சு என்று போலந்து நாட்டின் இங்லாட் நிறுவனம் கொண்டுவந்த வகை, 2013 அளவில் உலகெங்கும் முஸ்லிம் பெண்களிடையே பேசப்பட்டது. காப்பி வடிகட்டும் தாளில் பூசி, காய்ந்தபின் நீர்த்துளி இட்டு, அடியில் வைத்த தாள் நனைகிறதா எனப் பார்ப்பது அப்போது பரவிய சோதனை. நாங்களும் செய்து பார்த்தோம். விரலால் அழுத்தித் தேய்த்தபோது அடித்தாள் சற்றே ஈரமாயிற்று. அழுத்தாதபோது உலர்ந்தே இருந்தது. இரண்டாம் பூச்சுக்குப் பிறகு அழுத்தியும் பயனில்லை. உலமாக்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. மேலும், ஹலால் என்ற சொல் பல குப்பிகளில் சேர்மானப் பொருள்களைப் பற்றியதே. நீர் உட்புகும் என்பதற்கு அது சான்றாகாது. எனக்கு மனம் ஒப்பவில்லை. துடைத்துவிட்டு உளூச் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

நகத்துக்கு இத்தனை பேச்சா என்று நீங்கள் எண்ணலாம். மையித் குளிப்பாட்டச் செல்பவள் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, சாலை விபத்தில் மௌத்தான இளம்பெண் ஒருத்தியின் வீட்டுக்கு அழைத்தார்கள். பத்து விரல்களிலும் அழகான இளஞ்சிவப்புப் பூச்சு. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? அடுத்த வீட்டு இந்துச் சகோதரியின் மகள் தன் ரிமூவர் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தோம். அவளுடைய தாய் வாசற்படியில் நின்று, "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது சாதாரணப் பூச்சு, துடைத்ததும் போயிற்று.

என் மாணவியின் குழப்பம் வேறு. ஜெல்லில்தான் வருமானம் அதிகம். விளக்கும் கருவிகளும் கடனில் வாங்கியவை, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. "ஜெல் போடுவதையே விட்டுவிடவா?" என்று கேட்டாள். அவளிடம் வருபவர்களில் இந்து, கிறிஸ்தவச் சகோதரிகளே பாதிக்கு மேல். பெண்களுக்குள் அழகு செய்வதை நான் தடுக்கவில்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு என்றேன். இரவு இஷாவுக்குப் பின்னும் பேசிக்கொண்டிருந்தோம்.

சென்ற மாதம் மீண்டும் போனபோது பலகை மூன்றாகப் பிரிந்திருந்தது. ஜெல் மாதிரிகளின் மேலே, எத்தனை நாள் நீடிக்கும், எடுக்க எவ்வளவு நேரமாகும், அதை வைத்துக்கொண்டு உளூவும் குளிப்பும் நிறைவேறாது, சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரக்கூடும், அறுவைச் சிகிச்சை இருந்தால் முன்கூட்டி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். நிறத்தைத் தொடுவதற்கு முன்பே கண்ணில் படும் உயரத்தில் அந்த அட்டை. நம் பெண்களில் ஜெல் கேட்பவர் குறைந்துவிட்டதாகவும், அந்த மாதத் தவணைக்கு வளையலை அடகு வைத்ததாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பலகையில் "மருதாணி" என்ற தலைப்பின் கீழ் ஒரு துண்டுகூட இல்லை. ஏன் என்றேன். அரைத்த மருதாணியை இரவு முழுவதும் பிளாஸ்டிக் துண்டின்மேல் வைத்துப் பார்த்தாளாம். காலையில் கழுவியதும் துண்டு பழையபடி வெறுமையாகிவிட்டது. மருதாணியின் சாயம் நகத்திலும் தோலிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு கலந்து ஊறுவது. மேலே படலமாக நிற்பதன்று. பிளாஸ்டிக்கில் அது எப்படிப் பிடிக்கும்?

"அதற்கு மாதிரி இதுதான் டீச்சர்" என்று தன் இடக்கையை நீட்டினாள். ஐந்து நகங்களும் சிவந்திருந்தன. நகம் மாதத்திற்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளர்வதால், அடியில் வெள்ளைப் பிறை தெரியத் தொடங்கும்போதெல்லாம் மறுபடியும் இட்டுக்கொள்கிறாளாம். மஃரிப் பாங்கு கேட்டது. அந்தக் கையோடு எழுந்து உளூச் செய்யப் போனாள்.