இருபது கணினிக்கும் ஒரே பதிப்பு

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓபன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. இது கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணமின்றி எல்லாக் கணினிகளிலும் நிறுவலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பற்றி எங்கள் மாணவர்கள் இம்ப்ரெஸில் ஸ்லைடுகள் தயாரித்தனர். ஒரு கணினியில் சேமித்த கோப்பு, வேறு பதிப்பும் வேறு எழுத்துருக்களும் கொண்ட கணினியில் வரிகள் கலைந்து திறந்தது. செய்முறைத் தேர்வில் இப்படி நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் மாணவரே.

நான் பின்பற்றும் முறை இது:

1. நிறுவல் கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஒரு கணினியில் மட்டும் பதிவிறக்குகிறேன். கோப்பு 150 எம்.பி. என்று கொண்டால், 20 கணினிகளும் தனித்தனியே இறக்க 3,000 எம்.பி. செலவாகும்.

2. அக்கணினியில் நிறுவி, பாடநூல் பயிற்சிகளையும் மாணவர்களின் பழைய கோப்புகளையும் திறந்து பார்க்கிறேன்.

3. சரியாக இயங்கினால், நிறுவல் கோப்பையும் தமிழ் யூனிகோடு எழுத்துருவையும் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, ஆய்வக வலையமைப்பு வழியே மற்றவற்றில் நிறுவுகிறேன்.

4. கணினி எண், பதிப்பு எண், நாள் மூன்றையும் பதிவேட்டில் எழுதுகிறேன்.

புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வது அதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், அக்கணினிகளைப் பதிவேட்டில் தனியே குறித்துள்ளேன்.

தேர்வு நெருங்கும்போது எதையும் மாற்றாதீர்கள், விடுமுறையில் செய்யுங்கள். முடித்ததும், முதல் கணினியில் சேமித்த தமிழ்க் கோப்பை இருபதாவது கணினியில் ஒரு மாணவரைத் திறக்கச் சொல்லுங்கள். மாறாமல் திறந்தால் ஆய்வகம் தயார்.