ஊசலைக் கண்டுபிடித்தவர் இப்னு யூனுஸ்தானா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிவாசல்களில் இப்போது தொழுகை நேரத்தைக் காட்டுவது சிவப்பு எழுத்து மின்னும் டிஜிட்டல் பலகைகள்தாம். ஊசல் ஆடும் மரக் கடிகாரம் சுவரில் மாட்டியிருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடிகாரம் பின்தங்கினால் இகாமத்தும் பின்தங்கும். அப்போது ஊசல் குண்டின் அடியிலுள்ள திருகைச் சற்றே மேலேற்றுவார்கள். கடிகாரம் வேகம் பிடித்துவிடும்.

அந்த ஊசலைக் கண்டுபிடித்தவர் எகிப்திய வானியல் அறிஞர் இப்னு யூனுஸ் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம் வருகிறது. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் நம் பிள்ளைகளும் அதை எழுதி வைக்கிறார்கள். அது சரியா என்று பார்க்குமுன், திருகை மேலேற்றினால் கடிகாரம் ஏன் வேகமாக ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். லேசாக இழுத்துவிட்டு, போய்த் திரும்புவதை ஒன்றாக வைத்து 20 அலைவுகளை எண்ணினால் ஏறத்தாழ 20 விநாடி ஆகும். நூலை 1 மீட்டராக்கினால் 40 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது. அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. குண்டை மேலேற்றினால் ஊசலின் நீளம் குறைகிறது, அதனால் அலைவும் விரைகிறது. 25 செ.மீ. ஊசலில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மாறினால் நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம் வித்தியாசப்படும். நோன்பு திறக்கக் காத்திருப்பவருக்கு 3 நிமிடம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

நட்டின் எடையைக் கூட்டினாலும் நேரம் மாறாது. கனமான குண்டைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது. ஆனால் அதை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் ஈடாகிவிடுகின்றன. சற்று அகலமாக ஆடவிட்டாலும் நேரம் கிட்டத்தட்ட அதேதான், ஏனெனில் தொலைவு கூடும்போது திரும்ப இழுக்கும் விசையும் கூடுகிறது. "கிட்டத்தட்ட" என்ற சொல் முக்கியம்: 30 பாகை வரை இழுத்துவிட்டால் நேரம் 1.7 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் கடிகார ஊசல்கள் அடக்கமாக ஆடுகின்றன.

நீளத்தைத் தவிர அலைவு நேரத்தை மாற்றுவது புவியீர்ப்பு மட்டுமே. பூமி நடுக்கோட்டருகே சற்றுப் புடைத்திருக்கிறது, சுழற்சியும் அங்கேதான் வேகம். எனவே இலண்டனைவிடச் சென்னையில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. இலண்டனில் துல்லியமாக ஓடும் ஊசல் கடிகாரத்தை அப்படியே இங்கு கொண்டுவந்தால் தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் ஊசலை ஆடவிட்டு இதை அளந்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக 1 விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சென்னையில் சுமார் 99.1 செ.மீ.; இலண்டனில் 99.4 செ.மீ. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பூமியின் வடிவம் தெரிந்துவிடுகிறது!

இப்னு யூனுஸ் விஷயத்துக்கு வருவோம். அவர் 1009இல் கெய்ரோவில் காலமானார். அவருடைய நூல்களில் ஊசலைப் பற்றிய பேச்சே இல்லை. 1684இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எட்வர்ட் பெர்னார்ட் எழுதிய ஒரு தவறான குறிப்பிலிருந்து இந்தக் கதை கிளம்பியது என்பதை, இஸ்லாமிய வானியல் வரலாற்றாய்வாளர் டேவிட் கிங் 1979இல் எடுத்துக்காட்டினார். ஊசலின் இயல்பை ஆராய்ந்தவர் கலிலியோ. 1656இல் அதைக் கடிகாரத்தில் பொருத்தியவர் ஹைகன்ஸ்.

இதனால் இப்னு யூனுஸுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் பதிவுசெய்த கிரகணங்களை 19ஆம் நூற்றாண்டில் சைமன் நியூகோம் சந்திரனின் இயக்கத்தைக் கணிக்கப் பயன்படுத்தினார். சூரியனின் உயரத்தைக் கொண்டு தொழுகை நேரம் அறிய கெய்ரோவில் பயன்பட்ட அட்டவணைத் தொகுப்பில் அவருடைய பங்கும் உண்டு. அந்த அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தன. கண்காட்சிப் பலகையில் பிள்ளைகள் அவரைப் பற்றி எழுத இவையே போதும்.